ஆழ்நீருக்கு ஒரு வரவேற்பு விழா

கடல் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கடலாய்வு நிறுவனத்துக்குள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும், அந்த எண்ணம் தீர்ந்துவிடும். அங்கே கடல் இரண்டு. கரையிலிருந்து வெகுதூரம் வரை கடலடித் தரை மெல்லச் சரிந்துகொண்டு போகும். தண்ணீர் அவ்வளவு ஆழமிருக்காது. வலை போடுவது, மீன் வளர்ப்பது, பிள்ளைகள் காலை நனைப்பது எல்லாம் அங்கேதான். அது கரைக்கடல். பிறகு ஓரிடத்தில் தரை சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கிவிடும். அதற்கப்பால் இருப்பது ஆழ்கடல். அந்த விளிம்பில் இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் தண்ணீர் போய்வந்துகொண்டிருக்கிறது. உலகம் உண்டான நாள் முதல் யாரிடமும் அனுமதி கேட்காமல் போய்வருகிறது. நிறுவனத்துக்கு அதில்தான் மனவருத்தம்.

கட்டடத்தில் கீழ்த்தளம் கரைக்கடல் துறைக்கு, மேல்தளம் ஆழ்கடல் துறைக்கு. ஆழ்கடலை ஏன் மாடியில் வைத்தார்கள் என்று கேட்கக் கூடாது. ஆழ்கடல் துறைத் தலைவருக்கு முழங்கால் நல்ல நிலையில் இருந்த காலத்தில் எடுத்த முடிவு அது. நிறுவனத்தைத் தொடங்கியவர் போட்டுவைத்த விதி ஒன்று உண்டு: எந்தத் துறையிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அந்த அளவுக்கு அறை, மேசை, நாற்காலி, மின்விசிறி. பாவம், தண்ணீர் போட்ட இடத்தில் கிடக்கும் என்று அவர் நம்பியிருக்கிறார்.

இந்த நிலையில், இரண்டு கடலுக்கும் நடுவே தண்ணீர் எப்படிப் போய்வருகிறது என்று ஆராய ஒருவன் வேலைக்கு வந்து சேர்ந்தான். அவனுக்கு எந்தத் தளத்தில் இடம் கொடுப்பது என்று மேலேயும் கீழேயும் கூடிப் பேசினார்கள். மேலே இருந்தவர்கள் அவன் கீழ்த்தளத்து ஆள் என்றார்கள். கீழே இருந்தவர்கள் மேல்தளத்து ஆள் என்றார்கள். கடைசியில் மாடிப்படி திரும்புகிற இடத்தில், சுவரோரமாக, ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். ஏறுகிறவர்கள் அவன் மேசையில் கையூன்றி மூச்சு வாங்கினார்கள், இறங்குகிறவர்கள் குடையை வைத்துவிட்டுச் செருப்பைச் சரிசெய்தார்கள். அவனுக்கும் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஒரு மாதத்திற்குள் எல்லாருக்கும் அவன் ‘படிக்கட்டு’ ஆகிவிட்டான்.

படிக்கட்டு இந்த அவமானத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு அவன் அக்காதான் காரணம். அக்காவும் அத்தானும் வளைகுடாவில் மீன் கூண்டு வைத்திருந்தார்கள். மிதக்கிற வட்டத்தில் வலையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் குஞ்சு விட்டு வளர்க்கிற தொழில். போன ஆண்டு காற்று விடாமல் ஒரே பக்கமாக அடித்தது. அப்படி அடித்தால் கரையோரத்து மேல்தண்ணீர் வெளியே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்துத் தண்ணீர் விளிம்பேறி உள்ளே வரும். குளிர்ந்த தண்ணீர், ஆக்சிஜன் அற்றுப்போன தண்ணீர். வெளியே திரிகிற மீன் தப்பித்து ஓடும், கூண்டு மீன் எங்கே ஓடும்? ஒரே காலையில் கூண்டு முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது. அக்கா அழவில்லை. செத்த மீன்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, பார்த்து, வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் தங்களால் எழுந்திருக்க முடியாது, கூண்டைக் கழற்றிவிட்டு ஏதாவது ஊரில் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று அத்தான் அன்று பக்கத்தில் நின்ற அவனிடம் சொன்னார்.

ஆகவே அவன் கடல் விளிம்பில் ஒரு கயிறு போட்டான். அடியில் கனத்த எடை, மேலே மிதவை, நடுவே நெடுகக் கருவிகள். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி, எவ்வளவு உப்பு, எவ்வளவு ஆக்சிஜன், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மணிக்கு மணி மாடிப்படித் திருப்பத்துக்குச் செய்தி வரும். ஆழத்துத் தண்ணீர் விளிம்பேறினால் வளைகுடாவை வந்து சேர இரண்டு மூன்று நாளாவது ஆகும். அதற்குள் கூண்டுகளை இழுத்து வளைகுடா முடிகிற நிலமுனைக்கு அந்தப்புறம் கொண்டுபோய்விட்டால் போதும். அங்கே அலை அடித்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் மீனுக்கு மூச்சு முட்டாது. இதைவிட எளிமையான காரியம் ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்று அவன் நினைத்தான். புதிதாக வேலைக்கு வந்தவன், வேறு எப்படி நினைப்பான்?

முதல் வாரமே ஆழத்துத் தண்ணீர் கொஞ்சம் விளிம்பைத் தாண்டிக் கரைக்கடலுக்குள் வந்தது. ஆபத்தான தண்ணீர் அல்ல, சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தண்ணீர். படிக்கட்டு மகிழ்ச்சியோடு இரண்டு துறைக்கும் தகவல் சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆழ்கடல் துறைத் தலைவருக்கு நிறுவனத்தில் ‘பாதாளம்’ என்று பெயர். அவர் அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, எங்க தண்ணி ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கீழ போன தண்ணி. அது பாட்டுக்கு அமைதியா இருக்கு. நானும் இருபது வருஷமா அதைத்தான் ஆராயறேன், நானும் அமைதியாத்தான் இருக்கேன். இதுவரைக்கும் ஒரு முடிவுகூட வெளியிட்டதில்லை. ஆழமான விஷயத்துல அவசரப்படக் கூடாது பாருங்க. அப்படிப்பட்ட தண்ணி இவங்களோட குட்டையில வந்து எதுக்கு நிக்கணும்?"

கீழ்த்தளத்தில் கரைக்கடல் துறைத் தலைவி இருந்தார். அவரைக் ‘கரையம்மா’ என்பார்கள். அவர் அவனை உட்காரச் சொல்லவில்லை. தன் கடலில் உள்ள தண்ணீர் மொத்தமும் ஆண்டறிக்கையில் அச்சாகிவிட்டது என்றும், அறிக்கை வந்தபிறகு உள்ளே வருகிற தண்ணீருக்குத் தான் பொறுப்பல்ல என்றும் சொன்னார். ஆனால் அறை விதி ஞாபகத்துக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் வந்தது உண்மையானால், அந்த அளவுக்கு மேலேயிருந்து மேசையும் கீழே வர வேண்டுமே.

அன்று பிற்பகலே மேல்தளத்திலிருந்து ஒரு மேசை, ஓர் அலமாரி, இரண்டு நாற்காலிகள் கீழே இறங்கின. பியூன்கள் படிக்கட்டின் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். அவன் குனிந்து வழிவிட்டான். மறுநாள் காலை கடல் உள்வாங்கியபோது அந்தத் தண்ணீர் திரும்பிப் போய்விட்டது. மேசை, அலமாரி, நாற்காலிகள் மேலே ஏறின. மாலையில் தண்ணீர் மறுபடி வந்தது. மேசை மறுபடி வந்தது. ஒரு வாரம் இப்படி நடந்ததில் அலமாரியின் கதவு கழன்றது, பியூன்களில் மூத்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் படிக்கட்டின் மேசையருகில் நின்று, கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல் கேட்டார்: "ஏன் தம்பி, ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் வந்து போகச் சொல்ல முடியாதா?"

இரண்டு துறையும் இயக்குநரிடம் போயின. இயக்குநர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். எதிராளி எதிர்மாறாகச் சொன்னாலும் அதே அளவு ஆட்டுவார். விளிம்பு எங்கே இருக்கிறது என்று இரு துறையும் சேர்ந்தே நேரில் பார்த்துவிட்டு வரட்டும் என்று கப்பலை அனுப்பினார். கப்பல் விளிம்புக்கு நேர் மேலே நின்றதும் பாதாளம் ஆழ்கடல் பக்கம் இருந்த முன்பாதியிலும், கரையம்மா கரைக்கடல் பக்கம் இருந்த பின்பாதியிலும் தங்கள் ஆட்களோடு உட்கார்ந்தார்கள். சமையலறை முன்பாதியில் அகப்பட்டுக்கொண்டது. சாப்பாடு எல்லை தாண்டி வருவதைக் கரையம்மா ஏற்கவில்லை; தண்ணீர் விஷயத்தில் அது முன்னுதாரணம் ஆகிவிடுமாம். பின்பாதி பசியோடு கிடந்தது. சாயங்காலம் நீரோட்டத்தில் கப்பல் தானே திரும்பிக்கொள்ள, சமையலறை கரைக்கடலுக்குள் வந்தது. இரு துறையும் இடம் மாறி உட்கார, கரையம்மாவின் ஆட்கள் சாப்பிட்டார்கள், பாதாளத்தின் ஆட்கள் பட்டினி. கப்பல் தலைவர் பாதி வழியில் வேலையை விட்டுவிடலாமா என்று கூடப் போயிருந்த படிக்கட்டிடம் யோசனை கேட்டார். விளிம்பை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் பயணம் வெற்றி என்று இரு துறையும் தனித்தனியாக அறிவித்தன.

அதன்பிறகு இயக்குநர் ஓர் ஆணை போட்டார். இனி எந்தத் தண்ணீரும், இரு துறையும் கையெழுத்திடும் வரையில், விளிம்பைத் தாண்டியதாகக் கருதப்படாது. மேசைகள் நின்ற இடத்தில் நின்றன. பியூன்களுக்கு உயிர் வந்தது. கடலுக்கு ஆணையின் நகல் அனுப்பப்பட்டதா என்று தெரியவில்லை.

அந்த ஆண்டு காற்று மறுபடி ஒரே பக்கமாக அடிக்கத் தொடங்கியது. படிக்கட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தான். ஒரு திங்கட்கிழமை காலை கயிற்றின் அடிக்கருவி சட்டென்று குளிர்ந்தது. அடுத்த மணியில் அதற்கு மேலிருந்த கருவி. அடுத்து அதற்கும் மேலே. ஆக்சிஜன் அளவு தரைக்கு இறங்கியது. எட்டிப் பார்க்கிற தண்ணீர் அல்ல இது. பெட்டி படுக்கையோடு குடிவருகிற தண்ணீர். கணக்குப் பார்த்தான். வியாழக்கிழமை காலை வளைகுடாவில் இருக்கும்.

முதலில் அக்காவுக்குத் தொலைபேசினான். அவன் சொன்னால் தனக்குப் போதும், ஆனால் கூண்டெல்லாம் ஒரே சங்கிலியில் கட்டியது, தன்னுடையதை மட்டும் அவிழ்க்க முடியாது என்றாள் அக்கா. மொத்தத்தையும் இழுக்க மீன் கூண்டுச் சங்கத்தின் இழுவைப்படகுதான் வர வேண்டும்.

"சங்கத் தலைவர்கிட்ட சொல்லேன் அக்கா."

"சொல்லாம இருப்பேனா? போன மாசமே கேட்டு வெச்சேன். நிறுவனத்தோட முத்திரை போட்டு வந்தாத்தான் படகை எடுப்பாராம். யாரோ ஒருத்தி தம்பி சொன்னான்னு நாப்பது குடும்பத்துக் கூண்டை நகர்த்த முடியுமான்னு கேக்கறார். அவர் கேக்கறதுலயும் தப்பு இல்லையே. நீ எப்படியாவது முத்திரை வாங்குடா."

படிக்கட்டு கணினியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினான். பாதாளம் திரையைப் பார்த்தார். சரிந்துபோன கோடுகளைப் பார்த்தார். அவர் முகத்தில்கூட ஒரு கணம் கலக்கம் தெரிந்தது. பிறகு சமாளித்துக்கொண்டார். விளிம்பைத் தாண்டும் வரை அது தன் தண்ணீர்தான். ஆனால் தாண்டும் வரை அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, ஆகவே எச்சரிக்கை தேவையில்லை. தாண்டிவிட்டாலோ அது தன் தண்ணீரே இல்லை. இதில் தான் எங்கே கையெழுத்துப் போடுவது என்று அவனையே கேட்டார்.

கீழே ஓடினான். கரையம்மா கதவை மூடச் சொன்னார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. கெட்ட தண்ணி எங்க கடல்ல இருக்குனு நானே கையெழுத்துப் போட்டா, இத்தனை வருஷமா எங்க கடல் சுத்தம்னு எழுதினது என்ன ஆகும்? மீன் செத்தா அது மீனோட பிரச்சினை. அறிக்கை தப்பாச்சுன்னா அது என் பிரச்சினை. எனக்கு மீன் மேல கோபம் ஒண்ணும் இல்லை."

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மேலும் கீழுமாக நாலு தடவை ஏறி இறங்கிக் கால் கடுத்துப்போய் இயக்குநரின் அறைக்குள் விழுந்தான். அக்கா, கூண்டு, நாற்பது குடும்பம் எல்லாவற்றையும் சொன்னான். இயக்குநர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"தம்பி, நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒரு பிரச்சினையையும் தீர்த்ததில்லை. பெருமைக்குச் சொல்லலை. தீர்த்தா ஒருத்தருக்குச் சந்தோஷம், இன்னொருத்தருக்கு வருத்தம். தீர்க்காம விட்டா ரெண்டு பேருக்கும் நம்பிக்கை இருக்கும். நம்பிக்கையிலதான் தம்பி நிறுவனம் ஓடுது. ‘வந்தது’ன்னா என்ன அர்த்தம்னு முடிவு பண்ண ஒரு துணைக்குழு போட்டுடலாம். அடுத்த மாசம் முதல் கூட்டம். போதுமா?"

படிக்கட்டு தன் மேசைக்கு வந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். வேலையை உதறிவிட்டு, திருட்டு முத்திரை குத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அக்கா செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டிருந்த காட்சி கண்ணைவிட்டுப் போகவில்லை. அப்போது மேலேயிருந்து இறங்கி வந்த விழா அலுவலர் அவன் மேசையில் கைப்பையை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவரை எல்லாரும் ‘மைக் அக்கா’ என்பார்கள். நிறுவனத்தில் கேட்ட வேலை கேட்ட நாளில் நடக்கிற ஒரே பிரிவு அவருடையது. ஆய்வுக்கட்டுரை ஒன்று வெளியே போக மூன்று வருடம் ஆகும். அழைப்பிதழ் வெளியே போக அரை நாள். அதற்கு எந்தத் துறையின் கையெழுத்தும் தேவையில்லை, ஏனென்றால் தங்களுக்கு மேடையில் இடம் போட்டிருக்கிறதா என்பதைத் தவிர அதில் யாரும் எதையும் படிப்பதில்லை.

மைக் அக்காவுக்கு வேறு கவலை. இந்த மாதம் ஒரு விழாகூட இல்லையாம். ஒலிபெருக்கி பூசணம் பிடித்துக் கிடக்கிறதாம். மாதத்துக்கு ஒரு விழாவாவது நடத்தாவிட்டால் அவருடைய பிரிவையே மூடிவிடுவார்களாம்.

படிக்கட்டு தலையைத் தூக்கினான்.

"மைக் அக்கா, அழைப்பிதழ்ல நிறுவனத்தோட முத்திரை இருக்குமா?"

"முத்திரை இல்லாம அழைப்பிதழா? தங்கக் கலர்ல இருக்கும். எதுக்குக் கேக்கறீங்க?"

அரைமணியில் இருவரும் இயக்குநர் முன்னால் நின்றார்கள். ஆயிரம் ஆண்டுகளாகக் கடலடியில் இருந்த தண்ணீர் வளைகுடாவுக்கு வருகை தருகிறது; அதற்கு நிறுவனம் ஒரு வரவேற்பு விழா எடுக்க வேண்டாமா என்று மைக் அக்கா கேட்டார். இயக்குநரின் கண் பளபளத்தது. இத்தனை வயதான விருந்தினரை நிறுவனம் இதற்கு முன் வரவேற்றதில்லை. பாதாளத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தன் தண்ணீருக்கு மரியாதை என்றதும் அது எல்லை தாண்டியதை அவர் உடனே ஒப்புக்கொண்டார். கரையம்மா, வருகிறவர்களை வரவேற்கும் உரை தன்னுடையது என்றால் தண்ணீர் தன் கடலுக்குள் வருவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். காலையிலிருந்து இருவரிடமும் கெஞ்சியும் நடக்காத காரியம், மேடையில் நாற்காலி என்றதும் டீ ஆறுவதற்குள் நடந்துவிட்டது. படிக்கட்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்ற சண்டை மட்டும் கொஞ்சம் நீண்டது. மைக் அக்கா பழம் தின்று கொட்டை போட்டவர். பெயர்களை வட்டமாக அச்சடித்துவிட்டார். யாரிடமிருந்து தொடங்கிப் படிக்கிறோமோ அவரே முதல்வர். நடுவில் தங்க முத்திரை, அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: வியாழன் காலை வளைகுடாவுக்கு வருகை தரும் ஆக்சிஜனற்ற குளிர்ந்த ஆழ்நீரை வரவேற்க அனைவரும் வருக. அந்த ஒரு வரியை மட்டும் படிக்கட்டு எழுதிக் கொடுத்தான். அதை யாரும் திருத்தவில்லை, யாரும் படிக்கவுமில்லை.

முதல் அழைப்பிதழை அவனே பேருந்து பிடித்துப் போய் மீன் கூண்டுச் சங்கத்தில் கொடுத்தான். சங்கத் தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து இழுவைப்படகுக்காரனை எழுப்பச் சொன்னார். அவர் அக்காவிடம் சொன்னது இது: "எச்சரிக்கைன்னு எழுதியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்மா. அந்த நிறுவனம் எச்சரிச்சு எதுவும் வந்ததில்லை. விழான்னா அது வேற. மேடை போட்டுட்டாங்கன்னா கண்டிப்பா வரும்."

இரண்டு நாள் படகு ஓய்வில்லாமல் இழுத்தது. அக்காவும் அத்தானும் சங்கிலியோடு சங்கிலியாகக் கிடந்தார்கள். புதன்கிழமை பொழுது சாயும்போது நாற்பது குடும்பத்துக் கூண்டும் முனைக்கு அந்தப்புறம் போய்ச் சேர்ந்துவிட்டன. வளைகுடா வெறிச்சென்று கிடந்தது.

வியாழக்கிழமை, விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். இயக்குநர்தான் தாமதம். படகுத்துறையில் பந்தலும் மேடையும் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் சங்கத் தலைவர், அக்கா, அத்தான், இன்னும் சில கூண்டுக்காரர்கள். இயக்குநர் வந்ததும் கூட்டம் குறைவாக இருப்பதைப் பார்த்து முகம் சுருங்கினார். ஆனால் பாதாளம் பேசத் தொடங்கியதும் நிலைமை மாறியது. மூச்சு முட்டிய நண்டுகள் தண்ணீரைவிட்டு வெளியேறிப் படகுத்துறையின் தூண்களில் ஏறத் தொடங்கின. ஒன்று, பத்து, நூறு. மேடைக்கு முன்னால் இருந்த இடமெல்லாம் நண்டாக நிறைந்தது. கண்ணைத் தூக்கிக்கொண்டு, நகராமல் நின்றன. இயக்குநர் பாதாளத்தின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து, கூட்டம் சேர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள் என்று கிசுகிசுத்தார்.

பாதாளம் நீட்டினார். இந்த மகத்தான தண்ணீர் முழுக்க முழுக்கத் தன் துறையின் தண்ணீர் என்றார். கரையம்மா எழுந்து, கரைக்கடலுக்குள் வந்த கணத்திலிருந்து அது தன் துறையின் தண்ணீர் என்றார். அந்த நேரம் பார்த்து, ஓடிப் பிழைக்கத் தெரியாத பொடிமீன்கள் கொஞ்சம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் மிதந்து வந்தன. நாற்றம் எழுந்தது. கரையம்மா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, இது உங்கள் தண்ணீர்தானே என்று பாதாளத்தைக் கேட்டார். வந்தபிறகு உங்களுடையது என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்றார் பாதாளம். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். இயக்குநர் நன்றியுரை சொல்லி முடித்தார்.

அக்கா மிதக்கும் பொடிமீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. போன ஆண்டு அழாத அழுகையெல்லாம் இப்போது வந்தது. நன்றியுரைக்காக அழுகிறாள் என்று நினைத்து இயக்குநர் மேடையிலிருந்தே கைகூப்பினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நிறுவனம் என்று அதற்கு என்ன மரியாதை? அடுத்த மாதம் துணைக்குழு கூடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியத்தில் இரு துறையும் வரலாற்றில் முதல்முறையாக ஒன்றுபட்டன. வளைகுடாவின் கூண்டுகளில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஆக்சிஜனற்ற தண்ணீர் வந்திருந்தால் செத்திருக்கும். சாகவில்லை, ஆகவே தண்ணீர் வரவில்லை. நண்டுகள் கரையேறியது விழா ஏற்பாட்டின் சிறப்பைக் காட்டுகிறது. வராத தண்ணீரை வந்ததாகக் காட்டிய கயிறு பழுது. அதைக் கடலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு கையெழுத்தும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்து இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

படிக்கட்டு அதை அக்காவிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்: "அப்போ நாங்க பொழைச்சது தப்பாடா?"

மீன் விற்று முடித்திருந்தார்கள். அடுத்த பருவத்துக்குக் குஞ்சு வாங்கி விடுவதா, கூண்டைக் கழற்றுவதா என்று அக்காவும் அத்தானும் தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள். கயிறு போய்விட்டால் அடுத்த தண்ணீர் வருவது செத்த மீனைப் பார்த்தால்தான் தெரியும். படிக்கட்டு இரண்டு நாள் யோசித்தான். மூன்றாவது நாள் மைக் அக்காவைக் கூட்டிக்கொண்டு இயக்குநரிடம் போனான்.

கயிற்றை எடுப்பதில் தனக்கு வருத்தமே இல்லை என்று பணிவாகச் சொன்னான். ஆனால் இத்தனை காலம் நிறுவனத்துக்காகக் கடலில் நின்ற கயிறு. ஒரு வழியனுப்பு விழாகூட நடத்தாமல் அதை எடுத்தால் வெளியே என்ன பேசுவார்கள்? வரவேற்பு விழா நடத்திய கையோடு வழியனுப்பு விழா நடத்தாதவர்கள் என்ற பெயர் வந்துவிடாதா?

இயக்குநர் பதறிப்போய்விட்டார். விழா நடக்காமல் யாரும் அந்தக் கயிற்றைத் தொடக் கூடாது என்று அங்கேயே ஆணை எழுதிக் கொடுத்தார்.

"தலைமை யாரு சார்?" என்று மைக் அக்கா பேனாவை எடுத்தார்.

இரு துறைத் தலைவர்களையும் கூப்பிட்டார்கள். கயிற்றின் எடை விளிம்புக்கு அந்தப்பக்கம் சரிவில் கிடப்பதால் தலைமை தனக்கே என்றார் பாதாளம். மிதவை காற்றில் சாய்ந்து தன் கடல் மேல் நிற்பதால் தனக்கே என்றார் கரையம்மா. வட்டமாக அச்சடிக்கலாமே என்று இயக்குநர் மைக் அக்காவைப் பார்த்தார். பெயரைத்தான் வட்டமாகப் போட முடியும், தலைமை நாற்காலி ஒன்றுதானே சார் என்றார் மைக் அக்கா, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். அதை முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைமை யார் என்று முடிவு செய்ய இன்னொரு குழு போட்டார்கள். காற்று அடிக்கிற பக்கம் மாறும்போதெல்லாம் மிதவை சாய்கிற பக்கம் மாறியது, வாதமும் மாறியது. கயிறு கடலில் நின்றபடி மணிக்கு மணி செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மேலே குழுக் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. குஞ்சு விற்கிறவர் முடிவு கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாராம்.

"அந்த வழியனுப்பு விழா எப்போடா நடக்கும்?"

படிக்கட்டு மாடிப் பக்கம் காதைக் கொடுத்தான். மேலே ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பாதாளத்தின் குரலுக்கு மேலே கரையம்மாவின் குரல், அதற்கும் மேலே பாதாளத்தின் குரல்.

"நீ தைரியமா குஞ்சு விடு அக்கா," என்றான்.